நெல்லிவளவில் வடித்த கஞ்சி

தலைமை தாங்கியிருக்கும் ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி அவர்களே, வேலைக்கு நடுவில் மலையேறி வந்திருக்கும் டாக்டர் அவர்களே, மனைவியைப் பறிகொடுத்துவிட்டு எங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்ததுபோல அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஜாபர் உசேன் பாய் அவர்களே, அம்மாவை இழந்து நிற்கும் நசீபா கண்ணு, ஆலத்தூர் நாட்டு ஊர்களிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, என் நெல்லிவளவுத் தாய்மார்களே! உங்கள் எல்லோரையும் கும்பிடுகிறேன்.

மைக்செட்காரர் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டி வையுங்கள். கீழே வயலில் மோட்டார் ஓடுகிறது. நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்கிறதாம். பதினோரு மணிக்கு இரங்கல் கூட்டம் என்று ஊருக்கே தெரியும். கடையை அடைத்தீர்கள், காட்டு வேலையை நிறுத்தினீர்கள், ஆனால் அந்த மோட்டாரை நிறுத்த மட்டும் ஒருவருக்கும் கை வரவில்லை. ஓடட்டும். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். மகளிர் குழுத் தலைவி யமுனா. எனக்கு வாய் நீளம் என்று என் மாமியார் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு அந்த வாய் செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன். அதற்குமுன் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பேச வந்ததை மறந்துவிட்டு அழுதுகொண்டு நிற்பேன்.

கிராம சுகாதாரச் செவிலியர் தாஹிரா பீவி! பத்தொன்பது வருஷம் இந்த மலைக்கு வந்தவர். அடிவாரத்தில் வீடு, அரிசிக் கடை, வசதி எல்லாம் இருந்தும் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, எழுபது வளைவும் ஏறி, இறங்கிய இடத்திலிருந்து நாலு கிலோமீட்டர் நடந்து வந்தவர். மழையென்று நின்றாரா? நோன்பென்று நின்றாரா? வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறி வந்த தாஹிரா பீவியை நீங்கள் பார்க்கவில்லையா?

இதோ முன்வரிசையில் குப்புசாமி அண்ணா இருக்கிறார். ஊசிக்குப் பயந்து, மிளகு பறிக்கிற ஏணியில் ஏறி மரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டவர். நர்சம்மா வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். "நீங்க எறங்குறீங்களா, இல்ல நான் ஏறட்டுங்களா? ஏறினா ரெண்டு ஊசியாப் போட்டுருவேன், பாத்துக்குங்க" என்றார். அண்ணா இறங்கி வந்த வேகத்தை ஊரே பார்த்தது. சிரியுங்கள், பரவாயில்லை. அவர் இருந்தாலும் முதலில் சிரிப்பார்.

அந்த அம்மா இன்று இல்லை. பன்னிரண்டு நாளுக்கு முன்னால், மேலே வரும் பஸ்ஸில், நாற்பதாவது வளைவு தாண்டியதும் தலை சாய்ந்துவிட்டது. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சோற்றை இத்தனை வருஷம் நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டாரே, அதனால்தான் போனார் என்று சிலர் பேசுகிறீர்கள். எனக்கும் அந்த எண்ணம் வந்தது. ஆனால் சொல்லமாட்டேன். "தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்லாத யமுனா, அப்புறம் தெரிஞ்சதச் சொன்னாலும் எவனும் நம்பமாட்டான்" என்று என்னைத் திட்டியவர் அவர். அதனால் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஓடை வற்றியது. தொள்ளாயிரம் அடிக்கு போர் போட்டோம். தண்ணீர் பீறிட்டு வந்தபோது நானும்தான் குலவையிட்டேன், தேங்காய் உடைத்தேன். அண்ணாமலை அண்ணா தன் வயலில்தான் போர் போட இடம் கொடுத்தார், ஒரு பைசா கேட்கவில்லை. குடிக்கத் தொட்டி, பள்ளத்து வயலுக்கெல்லாம் வாய்க்கால். ஒரு போகம் விளைந்த வயல் இரண்டு போகம் விளைந்தது. நாம் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்! ஒருத்தன் கொண்டுவந்து கொட்டிய விஷமாக இருந்திருந்தால் அவன் வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். இது நம் காலுக்குக் கீழே பாறைக்குள் இருந்தது. நாமே காசு போட்டு, பூஜை போட்டு, மேலே கொண்டுவந்தோம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், பிள்ளைகளுக்கு எடை போடும்போது, அண்ணாமலை அண்ணாவின் மகள் சுமித்ரா நர்சம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு நாலு வயது. நர்சம்மா அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையெல்லாம் காய்ப்பு.

"காட்டுக்காரன் பொண்ணுங்க நர்சம்மா, கை அப்படித்தான் இருக்கும்" என்று அண்ணா சிரித்தார்.

"ஏனுங்க, நாலு வயசுப் புள்ளைங்க இது. மம்பட்டி புடிச்சுதுங்களா, கடப்பாரை புடிச்சுதுங்களா?"

அன்றைக்கே பதினேழு பிள்ளைகளின் கையைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி நெஞ்சைப் பார்த்தார். புழுதியில் தூறல் விழுந்ததுபோலப் புள்ளி புள்ளியாக இருந்தது. வெயில் என்று நினைத்தோம், அழுக்கு என்று நினைத்தோம், ஒருத்தி அம்மை என்றுகூடச் சொன்னாள். தாஹிரா பீவி ஒருவர்தான் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தார். ஆர்சனிக் என்று முடிவு வந்தது. பாஷாணம் என்று நாம் சொல்கிறோமே, அந்த வகை. ஒரே நாளில் கொல்கிற அளவு இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தோலில், நரம்பில், ஈரலில் இறங்குகிற அளவு. பல வருஷம் போனால் புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம் என்று டாக்டர் சொன்னார்.

தொட்டியை மூடினோம். சிவப்புப் பெயிண்ட் அடித்தோம். ஊற்றுத் தண்ணீருக்குக் குழாய் போட்டோம். முடிந்தது என்று கைதட்டினோம். முடியவில்லையே! ஒன்றரை வருஷம் கழித்தும் பிள்ளைகளின் சிறுநீரில் அது குறையவில்லை. இதே கூடத்தில், இதே இடத்தில் நின்றுகொண்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நெல்லு எந்தத் தண்ணிங்க குடிக்குது?"

தொட்டியைத்தான் மூடினோம். வயலை யார் மூடுவது?

தேங்கி நிற்கிற தண்ணீரில் வளர்கிற பயிர் நெல். அந்தத் தண்ணீரிலும் சேற்றிலும் இருப்பதை வேர் வழியாக இழுத்து மணியில் சேர்த்துக்கொள்ளும் என்று விளக்கினார். அரிசியைச் சோதித்தார்கள். இருந்தது. பள்ளத்து வயல் அரிசி எல்லாவற்றிலும் இருந்தது.

"இந்தத் தண்ணியில நெல்லு வேண்டாமுங்க. மேட்டுல மழைக்கு வெளையற சாமையும் கேவுருமும் போதும். ரேசன் அரிசிய ஆக்கிச் சாப்புடுங்க" என்று வீடு வீடாகக் கெஞ்சினார். கேட்டோமா? ரேஷன் அரிசியை இட்லிக்கு ஆட்டினோம், கோழிக்கு இறைத்தோம். சொந்த வயல் நெல்லுச் சோறு பொங்குகிற வீடு என்றால்தானே பெண் கேட்டு வருகிறான்! கௌரவம் பெரிதல்லவா நமக்கு?

நெல்லை விடமாட்டார்கள் என்று தெரிந்ததும் அடுத்த வழியைத் தேடினார். குக்கரில் வைத்தால் அரிசியில் இருப்பது அப்படியே சோற்றில் நிற்கும். நன்றாகக் களைந்து, ஒன்றுக்கு ஆறு பங்கு ஊற்றுத் தண்ணீர் வைத்துப் பொங்கி வடித்தால், பாதிக்குமேல் தண்ணீரோடு போய்விடும். முழுசும் போகாது, ஆனாலும் பாதி போகுமே! எண்பத்தாறு வீடு. சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகவேண்டிய அம்மா எத்தனை வீட்டு அடுப்படியில் உட்கார முடியும்? "யமுனா, நாஞ் சொன்னா தலையாட்டுவாங்க, நீ சொன்னாத்தான் செய்வாங்க. நீ போ கண்ணு" என்று என்னை அனுப்பினார்.

நான் போனேன். குக்கரையெல்லாம் பரண்மேல் ஏற்றினேன். பானையை இறக்கிவைத்து வடித்துக் காட்டினேன். முதல் வீடு பொன்னாயி வீடு. கொழகொழவென்று ஒரு சட்டி நிறையக் கஞ்சி. பொன்னாயி கேட்டாள்: "இத என்னங்க்கா பண்றது?"

தாய்மார்களே, இப்போதுதான் வருகிறேன். பாய், மன்னித்துக் கேளுங்கள். நசீபா கண்ணு, நீயும் கேள்.

நர்சம்மா என்னிடம் சொல்லியிருந்தார். ஒருமுறை இல்லை, மூன்றுமுறை சொல்லியிருந்தார். "கஞ்சியிலதான் எல்லாம் எறங்கி இருக்கும் யமுனா. மனுசரும் குடிக்கக்கூடாது, மாட்டுக்கும் வெக்கக்கூடாது. ஊட்டுக்குத் தள்ளி ஒரு குழி தோண்டி ஊத்தச் சொல்லு." இதைத்தான் நான் சொல்லியிருக்கவேண்டும். என் வாய்க்கு வரவில்லை. கஞ்சியைக் கீழே ஊற்று என்று ஒரு வீட்டு அடுப்படியில் நின்று எப்படிச் சொல்வது? பிள்ளை பெற்றவளுக்குக் கஞ்சி, காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கஞ்சி, சவலைப் பிள்ளைக்குக் கஞ்சி என்று வளர்ந்தவர்கள்தானே நாம்? விளக்குமாற்றால் அடித்து விரட்டுவார்கள் என்று பயந்தேன். வெந்த தண்ணீர்தானே, கொஞ்சம் குடித்தால் என்ன ஆகிவிடும் என்று என் மரமண்டைக்குத் தோன்றியது.

"இதென்ன கேள்வி பொன்னாயி? உப்புப் போட்டுப் புள்ளைங்களுக்கு ஊத்து. வீணாக்காத."

இப்படித்தான் சொன்னேன். எண்பத்தாறு வீட்டிலும் சொன்னேன்! சோற்றில் கொஞ்சம், கஞ்சியில் கொஞ்சம் என்று பிரிந்து போகவேண்டியதை, கஞ்சியாகத் திரட்டி, வீட்டில் யார் ரொம்ப மெலிந்திருக்கிறார்களோ அவர்களுக்கே டம்ளர் டம்ளராக ஊற்ற வைத்தேன். சுமித்ரா மெலிந்த பிள்ளை. அவளுக்குக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அண்ணாமலை அண்ணா வீட்டுக் கஞ்சி போதாதென்று நான் என் வீட்டிலிருந்தும் தூக்கில் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறேன். "குடி சாமி, தெம்பு வரும்" என்று கன்னத்தைத் தடவி ஊற்றினேன். எட்டு மாசம்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சுமித்ராவுக்கு உள்ளங்கால் எரிந்தது. பாதம் வெடித்தது. நடக்கும்போது தடுமாறினாள். நர்சம்மா ஒருநாள் காலையில் அவள் கையில் கஞ்சி டம்ளரைப் பார்த்துவிட்டு, பிடுங்கிக் கீழே கொட்டினார். பதினாலு மாசத்துக்கு முன்னால் இதே இடத்தில் ஊர்க்கூட்டம். ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் வந்திருந்தீர்களே!

அண்ணாமலை அண்ணா எழுந்து கேட்டார்: "வடிக்கச் சொன்னீங்க, வடிச்சோம். கஞ்சியப் புள்ளைங்களுக்கு ஊத்தக் கூடாதுன்னு எங்களுக்கு யாரு சொன்னா? எம்புள்ளைக்கு வெசத்தக் குடுக்க வெச்சது யாரு?"

நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. தாஹிரா பீவி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நாந்தானுங்க. நாந்தான் தெளிவாச் சொல்ல உட்டுட்டேன். தப்பு எம்மேலதான்" என்றார்.

என்னென்ன பேசினீர்கள்! அடிவாரத்திலிருந்து வருகிறவளுக்கு நம் பிள்ளை என்றால் இளப்பம் என்றீர்கள். வேறு சாமி கும்பிடுகிறவள் என்றுகூட ஒரு வாய் சொன்னது. அது யார் வாய் என்று எனக்குத் தெரியும், இன்று பெயர் சொல்லவில்லை. பதிவேட்டைப் பிடுங்கி வெளியே எறிந்தீர்கள். மேலே புகார் போனது, விசாரணை வந்தது, அங்கேயும் அவர் அதையேதான் எழுதிக் கொடுத்தார். கூட்டத்துக்கு மறுநாளே முதல் பஸ்ஸில் வந்தார். கதவைச் சாத்தினீர்கள். சாத்திய கதவுக்கு வெளியே நின்று, "கஞ்சியக் குழியில ஊத்திருங்க தாயி, கஞ்சிய ஊத்திருங்க" என்று கத்திக்கொண்டே போனார். ஐம்பத்து மூன்று வயது அம்மா! பழைய துணி வாங்க வந்தவளை விரட்டுகிறமாதிரி விரட்டினீர்களே!

அன்று பஸ் ஏற்றிவிடப் போகும்போது கேட்டேன். "ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க? நானில்லீங்களா சொன்னது?" அவர் நடந்துகொண்டே சொன்னார்: "எம்மேல கோவப்பட்டா ஒரு நர்சு போவா, இன்னொரு நர்சு வருவா. உம்மேல நம்பிக்க போச்சுன்னா, இந்த ஊட்டு அடுப்புக்குள்ள போயிப் பேச வேற ஆளு இல்ல யமுனா. வாய மூடிட்டு வேலையப் பாரு."

வாயை மூடினேன். பதினாலு மாசம் மூடியிருந்தேன். அவர் செத்த செய்தி வந்த அன்று, இங்கே ஒரு அம்மா, "பாவத்துக்குக் கூலி" என்று சொன்னதைக் காதால் கேட்டேன். அப்போதும் மூடிக்கொண்டுதான் இருந்தேன். எத்தனை நாள் மூடுவது? இனி மூடினால் நான் மனுஷியா? எனக்காக அந்த அம்மா காப்பாற்றி வைத்த நம்பிக்கையை இந்த மைக் முன்னால் நின்று நானே உடைக்கிறேன். அவர் உயிரோடு இருந்தால் என்னைப் பேச விட்டிருக்கமாட்டார். மன்னிச்சுக்கங்க அக்கா!

இன்னும் ஒன்று. அதையும் சொல்லிவிடுகிறேன். இதோ என் கை. முன்னால் இருப்பவர்களுக்குத் தெரியும். டாக்டர், நீங்களும் பாருங்கள். இந்தக் காய்ப்பு மண்வெட்டி பிடித்து வந்ததில்லை. ஊருக்கெல்லாம் கஞ்சியைக் குழியில் ஊற்று என்று பிறகு நானும் நர்சம்மாவோடு கத்தினேன் அல்லவா? என் வீட்டுக் கஞ்சியை என் பிள்ளைகளுக்குக் கொடுப்பதை நிறுத்தினேன். ஆனால் ஒருநாள்கூடக் கீழே ஊற்றவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு குழி வரைக்கும் போவேன். சாய்க்க மனசு வராது. நின்றபடியே நானே குடித்துவிட்டுத் திரும்புவேன். தண்டனை என்று நினைத்துக் குடிக்கவில்லை, பெரிய தியாகமும் இல்லை. ஊற்ற முடியவில்லை, அவ்வளவுதான். எல்லாம் தெரிந்த எனக்கே முடியவில்லை என்றால், பொன்னாயியை நான் என்ன சொல்வது?

தாஹிரா அக்கா சாவதற்கு நாலு நாள் முன்னால் என் கையைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. அடுப்பு மேடையில் உட்கார்ந்து அழுதார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். "நான் தப்பான எடத்துல வேல பண்ணிட்டேன் யமுனா. கஞ்சியில நிறுத்த முடியாது. சோத்துல நிறுத்த முடியாது. தண்ணியிலதான் நிறுத்தோணும்" என்றார்.

பஸ்ஸில் அவர் மடியில் இருந்த பையை பாய் இன்று கொண்டுவந்திருக்கிறார். உள்ளே அதுவரை சேர்த்திருந்த இருபத்து மூன்று பொட்டலம் அரிசி; மீதி வீட்டு அரிசியையும் வாங்கி ஒன்றாகச் சோதனைக்குக் கொடுக்கத்தான் அன்று மேலே வந்துகொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் ஒரு வீட்டுப் பெயர். முடிவு வந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் அரிசியின் கணக்கை அவரவருக்கே காட்டி, இந்த நடவை நிறுத்தச் சொல்லிக் கேட்க இருந்தார். நாளைக்குக் காலையில் அந்தப் பையை நான் கீழே கொண்டுபோகிறேன். முடிவை வாங்கிக்கொண்டு வந்து இருபத்து மூன்று வாசலிலும் நிற்பேன். கதவைச் சாத்துங்கள், துப்புங்கள், நின்றுகொண்டேதான் இருப்பேன். மேட்டில் இருக்கிற என் ஒன்றரை ஏக்கரில் கேழ்வரகு போடுகிறேன். பள்ளத்தில் இருக்கிற என் வயலில் இனி நெல் நடமாட்டேன். தாஹிரா பீவி பெயரில் சத்தியம்!

ஆனால் என் ஒரு வயலால் என்ன ஆகும்? என்னை நம்பி யார் நிறுத்துவீர்கள்? நம்பாதீர்கள். நான் கேட்கவும் மாட்டேன், அந்த யோக்கியதை எனக்கு இல்லை. ஒரே ஒருவரிடம் மட்டும் கேட்கிறேன்.

அண்ணாமலை அண்ணா, நீங்கள் அந்த அம்மாவுக்குக் கொடுத்த சாபமெல்லாம் எனக்குச் சேரவேண்டியது. சுமித்ரா சேலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். இனிமேல் இது உள்ளே போகாமல் இருந்தால் மெல்ல மெல்லத் தேறுவாள், பழையபடி ஓடுவாளா என்று இப்போது சொல்லமுடியாது என்கிறார் டாக்டர். இதோ இங்கேயே இருக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள். அவள் திரும்பி வந்து எந்த அரிசியைச் சாப்பிடப்போகிறாள்? கேட்கிறதா அண்ணா அந்தச் சத்தம்? நான் பேச ஆரம்பித்ததிலிருந்து ஓடுகிறது. உங்கள் மோட்டார், உங்கள் நாற்றங்கால். அவள் தை மாசம் சாப்பிடப்போகிற சோற்றுக்குத்தான் இப்போது தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கிறது.

எழுந்துவிட்டீர்களா? அவரைப் பிடிக்காதீர்கள், விடுங்கள். குப்புசாமி அண்ணா, கையை எடுங்கள். எதற்கு எழுந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. எதற்காக இருந்தாலும் சரி.

அண்ணா, என்னை அடிக்கோணுமுன்னா அடிங்க, நான் எங்கயும் ஓடமாட்டேன், இங்கயே நிக்கிறேன். மொதல்ல கீழ போயி அந்த மோட்டார நிறுத்திட்டு வந்துருங்க.